குப்பை மின்சாரத்தில் பசுமை எத்தனை பங்கு?

கேள்வி: குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் காஸிப்பூர் ஆலையில் காய்கறித் தோலும் பிளாஸ்டிக் பையும் ஒன்றாகத்தானே எரிகின்றன? அந்த மின்சாரத்தில் எவ்வளவு புதுப்பிக்கத்தக்கது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: மீட்டர் மொத்த யூனிட்டைத்தான் காட்டும். உணவு, காகிதம், மரம் தந்த புதுப்பிக்கத்தக்க பங்கைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

ஒரு வழி, குப்பையைப் பிரித்து எடை போடுவது. பல இடங்களில் அள்ளியதைக் கலந்து, கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொள்வார்கள். சுமார் 100 கிலோவாகக் குறையும்வரை இதையே திரும்பச் செய்து, வகைபிரித்து, 105 டிகிரியில் உலர்த்தி எடை எடுப்பார்கள். கோளாறு வருவது ஈரத்தால். பாலிதீன் பைக்குள் சோறு அப்பியிருக்கும். வழிக்காமல் தராசில் வைத்தால் சோற்றின் எடையும் பிளாஸ்டிக் கணக்கில் ஏறிவிடும். பஞ்சும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த டயப்பரை எந்தப் பக்கம் போடுவது என்பதும் தீராத தலைவலி.

அதைவிட நம்பகமானது புகைபோக்கி வாயுவில் கார்பன்-14 பார்ப்பது. உயிருள்ளவற்றில் இருக்கும், காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன் வகை இது. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டு. பெட்ரோலியம் பல கோடி ஆண்டு பூமிக்குள் கிடந்ததால் பிளாஸ்டிக்கில் அது மிச்சமில்லை. நேற்றைய வாழைப்பழத் தோலில் உண்டு. உலையே எல்லாவற்றையும் கலந்துவிடுவதால் பிரிக்கும் வேலையும் இல்லை. ஆனால் ஒரு மணி நேர மாதிரி எதற்கும் உதவாது. வாயு ஓட்டத்துக்கு ஏற்ற அளவில், வாரக்கணக்கில் தொடர்ந்து சேகரிக்க வேண்டும். உலையை மூட்ட ஊற்றும் டீசலும் பெட்ரோலியம்தான் என்பதால் அதன் அளவையும் பதிவு செய்ய வேண்டும்.

கேள்வி: கார்பன்-14 அறிக்கையில் 60 சதவீதம் என்று வந்தால், மின்சாரத்திலும் 60 சதவீதம் பசுமையா?
– அதே வாசகி

பதில்: இல்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்த 60 கார்பனின் பங்கு, வெப்பத்தின் பங்கு அல்ல. ஒரு கிலோ கார்பனுக்கு பாலிதீன் சுமார் 50 மெகாஜூல் தரும். உலர்ந்த மரமோ காகிதமோ சுமார் 37தான். பிளாஸ்டிக் முழுவதும் பாலிதீன் என்று வைத்துக்கொண்டால், 60 × 37 = 2,220; 40 × 50 = 2,000. பசுமைப் பங்கு 53 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. காய்கறிக் கழிவின் ஈரத்தை ஆவியாக்கும் வெப்பத்தையும் கழித்தால் இன்னும் குறையும்.

இந்த விகிதத்தை ஒருமுறை அளந்துவிட்டு வருடக்கணக்கில் பயன்படுத்தக் கூடாது. உங்கள் குடியிருப்பில் ஈரக் குப்பையைப் பிரித்து உரத்துக்கு அனுப்பத் தொடங்கினால் உலைக்குப் போகும் குப்பை நன்றாக எரியும். ஆனால் அதில் பிளாஸ்டிக்கின் பங்கு கூடியிருக்கும். மழைக்காலத்துக்கும் கோடைக்கும் தனித்தனியாக அளப்பதே முறை.