கேம் தொடங்கி 20 நிமிடத்தில் லப்டொப் கொதிக்கிறதா? முதலில் பின்பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள்

கோண்டாவிலில் இருந்து உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கேமிங் லப்டொப் வாங்கி மூன்று வருடம். கேம் தொடங்கி 20 நிமிடத்தில் படம் விக்கத் தொடங்குகிறது, கீபோர்ட்டின் நடுவில் விரல் வைக்க முடியாத சூடு, போன கிழமை இரண்டு தரம் தானாகவே நின்றுவிட்டது. ஒருவர் சிப்பின் மேல் பூசியிருக்கும் பேஸ்டை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் லப்டொப்பின் கீழே வைக்கும் கூலிங் பாட் வாங்கச் சொல்கிறார், ஒரு கடையில் மதர்போர்ட் போய்விட்டது என்கிறார்கள். வகுப்பும் இதில்தான் நடக்கிறது. நானே ஏதாவது செய்து பார்க்கலாமா?"

தம்பி, மதர்போர்டுக்கு இப்போது காசு கட்ட வேண்டாம். நீங்கள் சொன்ன அடையாளங்களைப் பார்த்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள் சுற்றுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இன்டெல் லப்டொப் சிப்புகள் அநேகமாக 100 பாகை செல்சியஸ் வரை தாங்கும், அதை நெருங்கியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், படம் விக்குவது அதனால்தான். குறைத்தும் அடங்காவிட்டால் எரிந்துபோகாமல் இருக்க ஒரேயடியாக நின்றுவிடும். அதாவது உங்கள் லப்டொப் இரண்டு தரம் நின்றது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

எதையும் கழற்ற முதல் அளந்து பாருங்கள். எச்டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கேமைத் தொடங்கி, சிபியூ (முதன்மைச் சிப்), ஜிபியூ (படத்துக்கான சிப்) இரண்டின் சூடும் எப்படி ஏறுகிறது என்று நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கேம் ஓடும்போது சிபியூ 80க்கும் 90க்கும் இடையில் நிற்பது கேமிங் லப்டொப்பில் வழமைதான், அதற்குப் பயப்பட வேண்டாம். ஏறுகிற விதத்தைத்தான் பார்க்க வேண்டும். தொடங்கிய சில விநாடிகளிலேயே 95ஐத் தொட்டால், சிப்புக்கும் அதன் மேலுள்ள செப்புத் தகட்டுக்கும் இடையில் தொடர்பு சரியில்லாமல் இருக்கலாம், நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பத்துப் பதினைந்து நிமிடமாக மெல்ல மெல்ல ஏறி அங்கே போய் நின்றால் காற்றுப் பாதை அடைத்திருக்கிறது. உங்களுக்கு 20 நிமிடம் எடுக்கிறது என்பதால்தான் பேஸ்டை விடத் தூசியில் எனக்குச் சந்தேகம் கூட. அப்புறம், ஃபான் இரைந்து சுற்றும்போது பின்பக்க, பக்கவாட்டு ஓட்டைகளில் கையை வையுங்கள். சத்தம் பெரிதாக இருந்தும் வெளியே வருகிற காற்று மெலிந்திருந்தால் அடைப்புத்தான். ஒரு பக்கம் காற்றே இல்லை என்றால் அந்த ஃபான் நின்றிருக்கக்கூடும்.

இந்த அடைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிப்பின் சூட்டைச் செப்புக் குழாய்கள் ஓரத்திலுள்ள மெல்லிய தகட்டு வரிசைக்குக் கொண்டுபோகும், ஃபான் அந்தத் தகடுகளுக்கு இடையால் காற்றை ஊதும். ஃபானுக்கும் தகடுகளுக்கும் நடுவே, ஃபான் பக்கத்தில், தூசி கம்பளித் துணி போலப் படிந்து ஒரு திரையாக நிற்கும். கீழ் ஓட்டையால் பார்த்தால் ஃபான் சுத்தமாகத் தெரியும், பின்பக்கத்தால் பார்த்தால் தகடுகளும் சுத்தமாகத் தெரியும், நடுவில் இருப்பது கண்ணில் படாது. வெளியிலிருந்து ஊதினால் கொஞ்சம் பறக்கும், அந்தத் திரை அநேகமாக அப்படியே இருக்கும். நான் கழற்றிய லப்டொப்களில் சிலவற்றில் அதை முழுதாகக் கிள்ளி எடுக்கக்கூடியதாக இருந்தது.

எங்கள் ஊரில் இது வேகமாக நடக்கும். சோளகம் வீசும் மாதங்களில் கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தூள் யன்னலால் வந்து மேசையில் படிவது உங்களுக்கே தெரியும். அதோடு நுளம்புத்திரிப் புகையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் தூசி பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். குருநகர், பாசையூர், வல்வெட்டித்துறை என்று கடலோரம் இருப்பவர்களுக்கு உப்பு ஈரம் வேறு, தூசி இறுகித் தகடுகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதை ஊதிப் போக்க முடியாது, ஹீட்சிங்கை, அதாவது செப்புக் குழாயும் தகடுகளும் சேர்ந்த பகுதியை, கழற்றி ஐசோபுரப்பைல் அல்ககோலில் தோய்த்த மெல்லிய பிரஷால்தான் தேய்த்து எடுக்க வேண்டும்.

சரி, நீங்களே திறக்கலாமா? உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால், கை பதறாதவர் என்றால், திறக்கலாம். உத்தரவாதம் இருந்தால் வாங்கிய இடத்தில் முதலில் கேளுங்கள். லப்டொப்பை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, மேசையில் துணி விரித்துக் கவிழ்த்து வையுங்கள். கீழ் மூடியின் ஸ்குரூக்கள் ஒரே நீளமாக இருக்காது, நீளமானதைக் கட்டையானதன் இடத்தில் பூட்டினால் மேல் பக்கம் துளைத்துக்கொண்டு வரும், ஆகவே ஒரு கடதாசியில் மூடியின் படத்தைக் கீறி ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். மூடியைக் கழற்றியதும் செய்யும் முதல் வேலை பற்றரி வயரைப் பிடுங்குவது, அதைச் செய்யாமல் உள்ளே எதையும் தொடக் கூடாது. பிறகு ஃபான் இதழை ஒரு பல்லுக்குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷாலும் கமராவுக்குப் பாவிக்கும் ரப்பர் ஊதியாலும் தூசியை வெளியே தள்ளுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபான் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் சுற்றி பெயாரிங் கெடும். ஃபானை மட்டும் தனியாகக் கழற்ற முடிகிற மாடல் என்றால் கழற்றிவிடுங்கள், அந்தத் தூசித் திரை அப்போது கண் முன்னால் நிற்கும், வேலை பாதியாகக் குறையும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், டயருக்குக் காற்றடிக்கும் இடத்துக்கு லப்டொப்பைக் கொண்டுபோகாதீர்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அமுக்கமும் மிக அதிகம். அப்படி அடித்த லப்டொப் ஒன்றில் ஃபானின் இரண்டு இதழ்கள் உடைந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டு வக்கூம் கிளீனரும் வேண்டாம், அதன் குழாய் முனையில் நிலைமின்னேற்றம் சேரும்.

தூசி எடுத்த பிறகு திருப்பி அளந்து பாருங்கள். சூடு நன்றாக இறங்கிவிட்டால் பேஸ்டைத் தொட வேண்டாம். இறங்கவில்லை என்றால்தான் அடுத்தது பேஸ்ட், மூன்று வருடத்தில் அது காய்ந்திருப்பது அதிசயமில்லை. ஹீட்சிங்க் ஸ்குரூக்களின் பக்கத்தில் 1, 2, 3 என்று இலக்கம் இருக்கும், பூட்டும்போது அந்த ஒழுங்கில், கழற்றும்போது பெரிய இலக்கத்திலிருந்து பின்னோக்கி, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக. பழைய பேஸ்டை 99 வீத ஐசோபுரப்பைல் அல்ககோலால் வடிவாகத் துடைத்துவிட்டு, லப்டொப் சிப்புக்கு டெஸ்க்டொப் சிப் போல மேலே உலோக மூடி இல்லை என்பதால், முழுப் பரப்பும் மூடும்படி புதியதை மெல்லிதாகப் பூசுங்கள். பக்கத்திலுள்ள மெமரி சிப்புகளின் மேல் இருக்கும் மெத்தென்ற பாட்களைக் கிழித்துவிட்டு அங்கும் பேஸ்ட் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பிழை. பாட்டின் தடிப்பு 0.5 மில்லிமீற்றர் மாறினாலே ஹீட்சிங்க் சிப்பில் சரியாக அமராது. கழற்றியதும் சாம்பல் பசைக்குப் பதிலாகப் பாதரசம் போல மினுங்கும் திரவம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஏசுஸ் ஆர்ஓஜி வரிசையின் சில மாடல்களில் இந்தத் திரவ உலோகம் இருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தும், ஒரு துளி மதர்போர்டில் விழுந்தால் அந்தக் கடை சொன்னது உண்மையாகிவிடும். அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

கூலிங் பாட் பற்றிக் கேட்டீர்கள். தகடுகள் அடைத்திருக்கும்போது அதனால் பெரிய பயன் இல்லை. லப்டொப்பின் பின்பக்கத்துக்குக் கீழே இரண்டு தடித்த கொப்பிகளை, ஓட்டைகளை மறைக்காமல், ஓரமாக வைத்து இரண்டு சென்றிமீற்றர் உயர்த்தினாலே கீழிருந்து காற்று எடுக்கும், காசு மிச்சம். கட்டில் மெத்தையில் வைத்துக் கேம் விளையாடும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடுங்கள்.

அறைச் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது, ஏசி இல்லாத அறையில் பின்னேரம் 33, 34 பாகை இருக்கும். 25 பாகை அறையில் 85 காட்டுகிற சிப், இங்கே கிட்டத்தட்ட 93 காட்டும். ஆகவே அந்த மாதங்களில் கேமின் பிரேம் வேகத்தை 60க்குக் கட்டிவையுங்கள், விண்டோஸ் பவர் அமைப்பில் புரொசசரின் உச்ச அளவை 100இலிருந்து 99 ஆக்குங்கள். பல லப்டொப்களில் அந்த ஒரு வீதம் டர்போவை, அதாவது சிப் தன் வழமையான வேகத்துக்கு மேல் ஓடுவதை, நிறுத்திவிடும், சிபியூ சூடு சட்டென்று இறங்கும், பல கேம்களில் வித்தியாசமே தெரியாது. வகுப்புக்கு அது தாராளமாகப் போதும்.

பற்றரியையும் பாருங்கள். நாள் முழுக்கச் சார்ஜரில் 100 வீதத்தில் கிடந்து சூடும் ஏறினால் அது வீங்கும். டச்பாட் மேலே தள்ளியிருந்தாலோ மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ பாவிப்பதை நிறுத்திப் பற்றரியை மாற்றுங்கள், குத்தவோ அமுக்கவோ வேண்டாம். வீங்காவிட்டால், லப்டொப்போடு வந்த மென்பொருளில் சார்ஜை 80 வீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவிடுங்கள்.

இனி இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வெளி ஓட்டைகளைப் பிரஷால் துடையுங்கள், வருடத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து தூசி எடுங்கள், கடலோர வீடு என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம். ஒவ்வொரு தரமும் அதே கேம், அதே 20 நிமிடம், அதே கொப்பியில் சூட்டை எழுதி வையுங்கள். தூசியும் எடுத்து, பேஸ்டும் மாற்றி, ஃபான் இரண்டும் சுற்றியும் சில விநாடிகளில் 95க்குப் பாய்ந்தால் செப்புக் குழாய் பழுதாகியிருக்கலாம் அல்லது ஹீட்சிங்க் நேராக அமராமல் இருக்கலாம். அப்போது அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு திருத்துபவரிடம் போங்கள், மதர்போர்ட் என்று தொடங்கினால் அந்த இலக்கங்களைக் காட்டி ஹீட்சிங்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.