வாடகை வீடும் வாசல் செடியும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் இரண்டரை வருடமாக ஒரு தனி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். முன்னால் புல்தரை, சுற்றிலும் வேலிச்செடி, பக்கவாட்டில் ஒரு பெரிய மரம். "தோட்டத்தை வாடகைதாரர் பராமரிக்க வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. அடுத்த மாதம் காலி செய்கிறோம். போன வாரம் வீட்டுக்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். மரத்தடியில் புல் மொட்டையாகிவிட்டது, வேலிச்செடி ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது, மரத்தில் ஒரு கிளை பட்டுப்போய்த் தொங்குகிறது, இந்த மூன்றையும் சரிசெய்கிற செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்கிறார். நான் வைத்த ரோஜாவையும் எலுமிச்சையையும் தொடக் கூடாதாம். தினமும் தண்ணீர் ஊற்றியது, களை பிடுங்கியது எதுவும் அவர் கண்ணில் படவில்லை. "அடுத்தவர் மண்ணில் எதற்கு இவ்வளவு பாடுபட்டாய்?" என்று என் கணவர் கேட்கிறார். எது எங்கள் பொறுப்பு, எது அவர் பொறுப்பு?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் முதலில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலிச்செடி உங்கள் பொறுப்பு, அதில் வீட்டுக்காரர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. பட்ட கிளை அவர் பொறுப்பு. மரத்தடிப் புல்லுக்கு இரண்டு பேருமே பொறுப்பில்லை. ரோஜாவையும் எலுமிச்சையையும் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதில் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இதை எப்படிப் பிரித்தேன் என்று கேட்பீர்கள். பதினோரு வாடகை வீடுகளில் இருந்திருக்கிறேன். இப்போது ஒரு வீட்டை வாடகைக்கும் விட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட கணக்கு ஒன்றுதான்: ஒரு வேலையின் பலன் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று பாருங்கள். இன்று ஊற்றிய தண்ணீர் நாளை மறுநாள் வரைக்கும். பிடுங்கிய களை சில வாரத்தில் திரும்பி வரும். வெட்டிய புல்லும் கத்தரித்த வேலியும் அப்படியே, மறுபடி மறுபடி கை வைத்தால்தான் உண்டு. அந்த வீட்டில் யார் விழிக்கிறார்களோ அவர்கள்தான் இதையெல்லாம் செய்ய முடியும், வேறு ஊரில் இருக்கும் வீட்டுக்காரரால் முடியாது. ஆனால் ஒரு மரத்தின் கிளையை வெட்டினால் அந்த வெட்டு நீங்கள் போன பிறகும் பல வருடம் அந்த மரத்தில் இருக்கும். மதில் ஓரம் வேர் தூக்குவது, மண் சரிவது, நிலத்தடியில் போன குழாய் உடைவது, எல்லாம் அந்த வகை. உங்கள் குடியிருப்பைவிட நீண்ட ஆயுள் உள்ள விஷயங்களை, அந்த ஆயுள் முழுவதும் அங்கே உரிமை உள்ளவர்தான் பார்க்க வேண்டும்.

சட்டங்களும் பெரும்பாலும் இந்தப் பக்கமாகத்தான் சாய்கின்றன. நாட்டுக்கு நாடு விதி மாறும், ஆனாலும் எண்ணம் ஒன்றுபோலவே இருக்கிறது. ஜெர்மனியில் கிட்டத்தட்ட உங்கள் வழக்கு போலவே ஒன்று வந்தது. தோட்டப் பராமரிப்பு வாடகைதாரருடையது என்று ஒப்பந்தம் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் என்ன பொருள்? 2004இல் டியூசல்டார்ஃப் மேல் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தனித் திறமையோ பெரிய செலவோ தேவைப்படாத எளிய வேலைகள் மட்டும்தான். புல் வெட்டுவது, களை எடுப்பது, உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளுவது. இங்கிலாந்தில் 1953இல் ஒரு வழக்கில் நீதிபதி டென்னிங் இதே போக்கில்தான் தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கு தோட்டத்தைப் பற்றியது அல்ல, வீட்டுப் பழுதைப் பற்றியது. பொறுப்புள்ள ஒரு குடியிருப்பாளர் வீட்டைச் சுற்றிச் செய்யக்கூடிய சின்னச் சின்ன வேலைகளை வாடகைதாரர் செய்ய வேண்டும், காலத்தால் வரும் தேய்மானத்துக்கு அவரைப் பிடிக்கக் கூடாது என்றார்.

இந்தியாவில் 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், வாடகைதாரருக்கு விடப்பட்ட அல்லது அவர் பயன்படுத்துகிற தோட்டத்தையும் திறந்த வெளியையும் அவரே பராமரிக்க வேண்டும் என்று இருக்கிறது. பெயரே சொல்வதுபோல அது மாதிரிதான். மாநிலங்கள் ஏற்றால்தான் நடைமுறைக்கு வரும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டால் ஒப்பந்தமே செல்லும். அதற்கெல்லாம் வெகு காலம் முந்தைய 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. பெற்றுக்கொண்டபோது இருந்த நிலையிலேயே சொத்தைத் திருப்பித் தர வேண்டும், ஆனால் நியாயமான தேய்மானத்துக்கும் யாராலும் தடுக்க முடியாத இயற்கைச் சக்திக்கும் விலக்கு உண்டு என்கிறது. குடியிருப்பவர் மரத்தை வெட்டவோ விற்கவோ கூடாது என்றும் சொல்கிறது.

அந்தக் கடைசி வரியை வைத்துப் பட்ட கிளையைப் பாருங்கள். நீங்களாகவே ஆள் வைத்து அந்தக் கிளையை வெட்டியிருந்தால், என் மரத்தில் ஏன் கை வைத்தாய் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கும் உரிமையும் அவருக்கு இருந்திருக்கும். தனக்குச் சொந்தமான மரம் என்றால் அதன் காய்ந்த கிளையும் சொந்தம்தான். உயரத்தில் ஏறிக் கிளை வெட்டுவது உயிரோடு விளையாடுகிற வேலை, வாடகைதாரர் ஏணி போட்டுப் பார்க்க வேண்டியது அல்ல. ஒன்றே ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். கிளை காய்வதை எப்போது பார்த்தீர்கள்? பார்த்ததும் அவரிடம் சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. வெட்டுவது அவர் வேலை என்றால் சொல்வது உங்கள் வேலை. இதுவரை சொல்லவில்லையென்றால் இன்றைக்கே ஒரு படம் எடுத்து, கிளைக்கு அடியில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்கிறோம், சீக்கிரம் ஆள் அனுப்புங்கள் என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

மரத்தடிப் புல்லுக்கு வருவோம். மரம் வருடா வருடம் அகலமாகிறது, அதன் கீழே வெளிச்சம் குறைந்துகொண்டே போகிறது. மரத்தின் உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒன்றிரண்டு அடிக்குள்தான் பரவியிருக்கும். புல்லின் வேரும் அங்கேதான். நீங்கள் ஊற்றிய தண்ணீரில் பெரும்பங்கை மரம் குடித்துவிடும். பெரிய மரத்தின் கீழே புல் மெலிவதும் மொட்டையாவதும் எந்தத் தோட்டத்திலும் நடப்பது. உங்கள் புல்தரை வெயில் படும் இடத்தில் பச்சையாகவும் நிழலில் மட்டும் மொட்டையாகவும் இருக்கிறது என்றால், தண்ணீர் ஊற்றினீர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இரண்டு இடத்தையும் சேர்த்து ஒரே படத்தில் எடுத்து அவருக்குக் காட்டுங்கள்.

வேலிச்செடி விஷயத்தில் உங்களுக்காக வாதாட என்னால் முடியவில்லை. ஆள் உயரம் ஒரு மாதத்தில் வரவில்லை, ஒவ்வொரு மாதமும் வெட்டாமல் விட்டதால்தான் வந்தது. கத்தரியோடு மாதம் ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்திருக்கும். இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது, சரி செய்துவிடலாம். அவசரத்தில் ஒரேயடியாகப் பாதி உயரத்துக்கு வெட்டிவிடாதீர்கள். வெளியே பச்சையாக இருந்தாலும் உள்ளே வெறும் குச்சியாகத்தான் இருக்கும். சில வகைச் செடிகள் அந்த முற்றிய குச்சியிலிருந்து மறுபடி துளிர்க்கவே துளிர்க்காது. இலை இருக்கும் இடம் வரைக்கும் மட்டும் வெட்டுங்கள், அதற்கு முன் உள்ளே பறவைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். புல்லுக்கும் இதே எச்சரிக்கை: காலி செய்கிற நேரத்தில் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று ஒட்ட வெட்டிவிடுவார்கள். ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் புல் தாங்காது.

இந்தச் சண்டைக்கெல்லாம் மூலம் அந்த ஒற்றை வரிதான். "பராமரிக்க வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு வீட்டுக்காரர் மனதில் ஒரு தோட்டம் இருந்தது, உங்கள் மனதில் வேறொன்று. தண்ணீர்க் கட்டணம் யாருடையது? தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் புல்லைக் காப்பதா, விட்டுவிடுவதா? மண்வெட்டியும் கத்தரியும் யார் வாங்கித் தருவது? வைத்த செடி செத்தால் புதிதாக யார் வைப்பது? தரையில் நின்று கைக்கு எட்டாத கிளை யாருடையது? அடுத்த வீட்டுக்குப் போகும்போது இந்த ஐந்துக்கும் பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சாவி வாங்குகிற அன்றைக்கே, ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கும் முன், தோட்டத்தை நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். தேதி அதிலேயே பதிந்துவிடும். "பெற்றுக்கொண்டபோது இருந்த நிலை" என்று சட்டம் சொல்கிறதே, அதற்கு அந்த நான்கு படங்கள்தான் சாட்சி. எனக்கு இது தெரியாத வயதில் ஒரு வீட்டை விட்டு வரும்போது, நான் அங்கே குடிபோகும் முன்பே பட்டுப்போயிருந்த ஒரு செடி வரிசைக்காக அட்வான்ஸில் கணிசமான தொகையைப் பறிகொடுத்தேன். முன்பே அப்படித்தான் இருந்தது என்று எவ்வளவோ சொன்னேன். காட்ட ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரருக்காகவும் ஒரு வார்த்தை. அவர் மனதில் இருப்பது, அவர் அந்த வீட்டை விட்டுப் போன அன்றைக்குப் பார்த்த தோட்டம். மரம் அப்போது சின்னது, நிழல் சின்னது, புல் முழுவதும் பச்சை. இரண்டரை வருடத்தில் எது மெல்ல மாறியது என்று அவர் பார்க்கவில்லை, ஒரே நாளில் மொத்தமாகப் பார்த்திருக்கிறார். வாடகைக்கு விட்ட என் வீட்டுக்கு ஒரு வருடம் கழித்துப் போனபோது எனக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருந்தது. குடியிருந்தவர்கள் என்னைக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டிய பிறகுதான் அவர்கள் உழைப்பு எனக்குத் தெரிந்தது. நீங்களும் அவரை ஒரு காலையில் கூப்பிடுங்கள். கையில் கணக்குத் தாள் இல்லாமல், கூடவே நடந்து காட்டுங்கள்.

இனி உங்கள் ரோஜாவும் எலுமிச்சையும். முன்னே சொன்ன அந்த 1882 சட்டம், குடியிருப்பவர் தான் மண்ணோடு பிணைத்த பொருட்களை, வீடு தன் கையில் இருக்கும் வரை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. வேர்விட்ட மரம் செடிகளும் மண்ணோடு பிணைந்தவையே என்று அதன் 3ஆம் பிரிவு விளக்குகிறது. ஒப்பந்தத்தில் மாறாக எதுவும் இருக்கக் கூடாது, இடத்தைப் பழையபடி ஆக்கிவிட்டுப் போக வேண்டும், அதாவது தோண்டிய குழியை மூடிச் சமன் செய்ய வேண்டும். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. தரையில் நட்டது தரைக்கே சொந்தம் என்று கொள்ளும் இடங்களும் உண்டு. அதனால்தான் தொட்டியில் வையுங்கள் என்று வாடகைக்குக் குடியிருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தொட்டிச் செடியை யாரும் கேள்வி கேட்க முடியாது.

உரிமை இருக்கிறது என்பதற்காகத் தோண்டிவிடாதீர்கள். ஒரு ரோஜாவை நான் அப்படித் தோண்டினேன். லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. காய்ந்த மண்ணில் கடப்பாரையை விட்டு நெம்பினேன், வேரைச் சுற்றியிருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்து, நான்கைந்து வெறும் வேர்கள் கையில் நின்றன. நுனியெல்லாம் அறுந்திருந்தது. ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே போனேன். புது வீட்டில் பத்து நாள் குச்சியாக நின்றது, அவ்வளவுதான். தண்டை நகத்தால் கீறிப் பார்த்தபோது உள்ளே பச்சை இல்லை.

ரோஜா உங்களோடு வருவதற்கு ரோஜாவைத் தோண்ட வேண்டியதில்லை. பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் ஏழெட்டு குச்சிகளை இன்றைக்கே வெட்டித் தொட்டியில் ஊன்றுங்கள். மேலே இரண்டு இலையை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். வெயில் நேராகப் படாத இடத்தில், மண் ஈரமாக மட்டும் இருக்கட்டும். எல்லாம் பிழைக்காது, இரண்டு மூன்று பிழைத்தால் போதும். நீங்கள் புறப்படும் நேரத்தில் வேர் இன்னும் பிஞ்சாகத்தான் இருக்கும், தொட்டியை ஆட்டாமல் கொண்டுபோங்கள். தாய்ச்செடி அங்கேயே பூக்கட்டும். வீட்டுக்காரருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.

எலுமிச்சை இரண்டரை வருடம் தரையில் நின்றிருக்கிறது. ஒரு மாத அவகாசத்தில் அதைப் பிடுங்கி நட்டுப் பிழைக்க வைப்பது கடினம். அதை விட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்தவர் மண்ணில் எதற்குப் பாடுபட்டாய் என்று உங்கள் கணவர் கேட்டதற்கு என்னிடம் நேரான பதில் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒன்று நடந்ததைச் சொல்கிறேன். என் நான்காவதோ ஐந்தாவதோ வாடகை வீட்டில், பின்கதவின் உள்பக்கம் ஒரு கோடு போட்ட தாள் ஒட்டியிருந்தது. முன்பு குடியிருந்தவர் எழுதியது. அவரை நான் பார்த்ததே இல்லை. தோட்டக் குழாயைப் பாதிக்கு மேல் திறந்தால் அடியில் கசியும். மதில் ஓரச் செடிக்கு மாலையில் தண்ணீர் வேண்டாம், இலையில் பூஞ்சை வருகிறது. மூலையில் காய்ந்த குச்சி மாதிரி இருப்பது செத்த செடி அல்ல, பிடுங்கிவிடாதீர்கள். இப்படி ஏழெட்டு வரி. நான் அதைப் பிடுங்கத்தான் இருந்தேன். இரண்டு மாதம் கழித்து அது அடியிலிருந்து நுனி வரைக்கும் பூத்தது.

உங்கள் எலுமிச்சைக்கும் அப்படி ஒரு தாள் எழுதி வையுங்கள். எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர், எந்தப் பக்கக் கிளையில் முள் அதிகம், எப்போது எரு வைத்தீர்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

அன்புடன்.