சாதனைப் பெண்களுக்கு மட்டும் தனிப் பட்டியல் எதற்கு?

கேள்வி: சென்ற இதழில் 'கனடாவின் சாதனைப் பெண்கள்' என்று கலை, மருத்துவம், கல்வி, தொழில் வாரியாக நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். கனடா மாதிரி நாட்டில் சட்டத்தில் பேதம் கிடையாது. திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம். அப்படியிருக்கப் பெண்களுக்கு மட்டும் தனிப் பட்டியல் எதற்கு? ஆண்களுக்கும் இப்படி ஒன்று போடுவீர்களா?

(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர், கோவை)

பதில்: இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

'திறமை இருந்தால்' என்றீர்களே, அங்கிருந்தே வருவோம். மாட் ஆபட் 1890இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்தார். தங்கப் பதக்கம் வாங்கினார். வகுப்பின் சார்பில் விடைபெறும் உரை ஆற்றியவரும் அவரே. அதே மெக்கிலில் மருத்துவம் படிக்க இடம் கேட்டார். பெண்களுக்குக் கிடையாது என்றார்கள். திறமையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருந்திருக்க முடியாது, பதக்கம் கொடுத்ததே அவர்கள்தானே! ஆபட் அதே ஊரில் பிஷப்ஸ் கல்லூரியின் மருத்துவப் பிரிவில் சேர்ந்து 1894இல் டாக்டரானார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மெக்கிலே அவரை அழைத்துத் தன் மருத்துவ அருங்காட்சியகத்தை ஒப்படைத்தது. நோயில் இறந்தவர்களின் இதயம், நுரையீரல் எல்லாம் ஜாடிகளில் குவிந்து கிடந்த இடம் அது. ஆபட் ஒவ்வொன்றாக எடுத்து, வகைப்படுத்தி, அதை வைத்தே மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். மாணவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். மெக்கில் மருத்துவப் பிரிவு பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தது 1918இல். இடையில் 1905இல் பிஷப்ஸின் மருத்துவப் பிரிவு மெக்கிலோடு இணைந்ததில், இருந்த ஒரு வழியும் அடைபட்டுப் போயிருந்தது. ஆக, பாடம் எடுக்கலாம், பெஞ்சில் உட்கார்ந்து படிக்கத்தான் கூடாது. 1910இல் மெக்கில் அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது. 1936இல், பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்த ஆயிரம் பேரின் விவரங்களைத் திரட்டி ஒரு அட்லஸாக வெளியிட்டார். அந்தத் துறையில் உலகம் திரும்பிப் பார்த்த நூல் அது. அதே வருடம் மெக்கிலிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவர் வகித்த பதவி? உதவிப் பேராசிரியர்.

எமிலி ஸ்டோவின் கதை இதற்கும் முந்தியது. ஒன்டாரியோக்காரர். 1852இல் விக்டோரியா கல்லூரி அவரைச் சேர்க்க மறுத்தது. ஆசிரியர் பயிற்சி முடித்து, பிரான்ட்ஃபோர்ட் ஊரில் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் ஆனார். கணவருக்குக் காசநோய் வந்த பிறகு மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். 1865இல் டொரன்டோ பல்கலைக்கழகம் அவருக்குச் சொன்ன பதில்: கதவு பெண்களுக்குத் திறந்தில்லை, இனிமேலும் திறக்காது என்று நம்புகிறோம். மறுத்ததோடு விடாமல் எதிர்காலத்துக்கும் சேர்த்துத் தாழ்ப்பாள் போட்ட அந்த உற்சாகத்தைக் கவனியுங்கள். நியூயார்க்கில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் படித்து 1867இல் பட்டத்தோடு திரும்பினார். உரிமம் இல்லாமலேயே டொரன்டோவில் வைத்தியம் பார்த்தார்.

வெளிநாட்டில் படித்தவர்கள் உள்ளூர்க் கல்லூரியில் ஒரு பருவமாவது படிக்க வேண்டும் என்று விதி வந்தது. விதி ஆண்களுக்கும் உண்டுதான். ஆனால் ஸ்டோவும், டாக்டராக விரும்பிய இன்னொரு பெண்ணான ஜென்னி ட்ரவுட்டும் வகுப்புக்குப் போனபோது கிண்டலும் கூச்சலுமாக இருந்தது. சுவரில் கிறுக்கிய ஆபாசத்தை மறைக்கத் திரும்பத் திரும்ப வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. ட்ரவுட் 1875இல் உரிமம் பெற்றார். ஸ்டோவுக்கு 1880இல்தான் கிடைத்தது. மூன்று வருடம் கழித்து மகள் அகஸ்டா கனடாவிலேயே படித்து மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் பெண் ஆனார்.

கலைக்கு ஓவியர் எமிலி கார். விக்டோரியா நகரத்தில் வீட்டை வாடகைக்கு விட்டு, நாய் வளர்த்து விற்று, மண்பாண்டம் செய்து பிழைத்தார். ஏறக்குறைய 15 வருடம் தூரிகையை அதிகம் தொடவில்லை. 1927இல் ஒட்டாவா கண்காட்சியில் இடம் கிடைத்தபோது வயது 55. இவர் விஷயத்தில் பெண் என்பது மட்டுமே காரணம் என்று நான் வாதாட மாட்டேன். அந்த ஊர் அவருடைய புதுப்பாணி ஓவியத்தை ஓர் ஆண் வரைந்திருந்தாலும் வாங்கியிருக்காது.

சரி, 'சட்டத்தில் பேதம் கிடையாது' என்ற உங்கள் வரி. அதற்கு வயோலா டெஸ்மண்ட் வேண்டும்.

நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துக் கறுப்பினப் பெண். அழகுக்கலை கற்க விரும்பினார். அங்கே இருந்த பயிற்சிப் பள்ளிகள் கறுப்பினத்தவரைச் சேர்க்காததால் மான்ட்ரியாலுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க் கற்று வந்தார். சொந்த அழகு நிலையம், பிறகு சொந்தப் பயிற்சிப் பள்ளி, சொந்தப் பெயரில் பவுடர், க்ரீம் என்று வளர்த்தார். தன்னைச் சேர்க்காத பள்ளிக்குப் பதிலாகத் தானே ஒன்று நடத்தியவர். 1946 நவம்பர் 8ஆம் தேதி வியாபார வேலையாக அதே மாகாணத்தில் உள்ள சிட்னி என்ற ஊருக்குக் காரில் போகும்போது, நியூ கிளாஸ்கோவில் வண்டி பழுதாகி நின்றுவிட்டது. சரியாகும் வரை பொழுதுபோக ரோஸ்லேண்ட் தியேட்டருக்குப் போனார். கிட்டப்பார்வை இருந்ததால் கீழ்த்தளத்தில் சீட்டுக் கேட்டார். கவுன்ட்டரில் பால்கனிச் சீட்டைக் கொடுத்தார்கள். மாற்றித் தரச் சொன்னால், 'உங்கள் ஆட்களுக்குக்' கீழே கொடுக்க முடியாது என்றார்கள். அவர் போய்க் கீழேயே உட்கார்ந்தார். போலீஸ்காரரும் மேலாளரும் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். இரவெல்லாம் லாக்கப்.

மறுநாள் என்ன குற்றம் சுமத்தினார்கள் தெரியுமா? வரி ஏய்ப்பு. கீழ்த்தளச் சீட்டு 40 காசு, அதில் கேளிக்கை வரி 3. பால்கனி 30 காசு, வரி 2. அரசுக்கு ஒரு காசு நஷ்டமாம்! வித்தியாசத்தைத் தருகிறேன் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வக்கீல் இல்லாமலே விசாரணை. 20 டாலர் அபராதம், 6 டாலர் செலவுத் தொகை. தோல் நிறம் பற்றி வழக்கில் ஒரு வார்த்தை கிடையாது. நீங்கள் சொன்ன மாதிரியே சட்டம் பேதம் பார்க்கவில்லை. மேல்முறையீடும் தோற்றது. கொஞ்ச காலத்தில் தொழிலை விட்டு ஊரையும் விட்டார். 1965இல் நியூயார்க்கில் இறந்தார். நோவா ஸ்கோஷியா அரசு மன்னிப்பு அறிவித்தது 2010இல். எல்லாரும் அந்தத் தியேட்டர் இரவை மட்டும் சொல்கிறார்கள். பள்ளி நடத்தியவர் என்பதால்தான் எங்கள் பட்டியலில் அவரைத் 'தொழில்' பிரிவில் வைத்தோம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஆண்கள் பட்டியல் ஏற்கெனவே அச்சாகிவிட்டது, அச்சடித்தது கனடாவின் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் கனடா. 2018 வரை 5 டாலர் நோட்டில் லாரியர், 10இல் மெக்டொனால்ட், 50இல் கிங், 100இல் போர்டன், நால்வரும் முன்னாள் பிரதமர்கள். 20இல் மட்டும் ஒரு பெண், அவர் அப்போதைய இங்கிலாந்து ராணி. வழக்கமான புழக்க நோட்டின் முகப்பில் கனடாப் பெண் ஒருவர் தனியாக இடம்பெற்றது 2018 நவம்பரில், 10 டாலரில். மெக்டொனால்டை நகர்த்திவிட்டு அங்கே வந்தவர் வயோலா டெஸ்மண்ட்.