மரக் கூம்பு ஒலிபெருக்கி: கேள்வி பதில்

கேள்வி: கூம்பு வைத்ததும் சத்தம் இவ்வளவு கூடுவது ஏன்?

பதில்: கூம்பு புதிதாகச் சக்தி எதையும் தருவதில்லை. ஆடி ஒலி எழுப்பும் சவ்வு கனம், காற்று லேசு. அதனால் சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரில் சவ்வு ஆடினாலும் காற்று பிடி கொடுக்காமல் நழுவிவிடும். உள்ளே போகும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒலியானாலே பெரிது. கூம்பிலோ, அதன் குறுகிய முனையான தொண்டையில் காற்று சவ்வுக்குப் பிடி கொடுக்கிறது, பிறகு சிறுகச் சிறுக விரிந்து அறைக்குள் போகிறது. 1 வாட்டில் 88 டெசிபல் சத்தம் தரும் பெட்டிக்கு 40 வாட் வேண்டிய இடத்தில், 1 வாட்டில் 104 டெசிபல் தரும் கூம்புக்கு அந்த 1 வாட்டே போதும். சவ்வு குறைவாக அசைவதால் ஒலியின் திரிபும் குறையும். எனக்கு இந்த இரண்டாவது பலன்தான் பெரிது.

கேள்வி: 1 அங்குலத் தொண்டையுள்ள கம்ப்ரஷன் டிரைவர் (கூம்பின் தொண்டையில் பொருத்தும் ஒலி எழுப்பி) இருக்கிறது. 300 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் வட்டக் கூம்புக்கு அளவு எப்படிப் போடுவது?

பதில்: வாயிலிருந்து, அதாவது கூம்பின் அகன்ற முனையிலிருந்து தொடங்குங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 344 மீட்டர் போகிறது. 300-ஆல் வகுத்தால் அலைநீளம் 1.15 மீட்டர். வாயின் சுற்றளவு அவ்வளவு வேண்டும், அதாவது விட்டம் 36.5 செ.மீ. எக்ஸ்பொனென்ஷியல் (சம நீளத்துக்குச் சம மடங்காக விரியும்) வளைவு என்றால், இந்த 300 ஹெர்ட்ஸுக்கு ஒவ்வொரு 12.6 செ.மீ. நீளத்துக்கும் விட்டம் இரட்டிக்கும்: 25 மி.மீ., 51, 102, 203 என்று போய் வாயை எட்டும்போது நீளம் 48.6 செ.மீ. 18 மி.மீ. பிளைவுட்டை வளையங்களாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் கச்சிதமாக 27 அடுக்கு. முதல் அடுக்கில் விட்டம் 2.6 மி.மீ.தான் கூடுகிறது, கடைசி அடுக்கில் 34 மி.மீ. வாய்ப்பக்கம் 1 மி.மீ. தவறினால் காது கண்டுபிடிக்காது, தொண்டையில் தவறினால் கண்டுபிடித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கூம்பு 300 வரை இறங்கினாலும் டிரைவரின் வரம்புதான் வரம்பு. 1 அங்குல டிரைவர்கள் பலவற்றை 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டக் கூடாது.

கேள்வி: தேக்கா, பிளைவுட்டா, எம்.டி.எஃப்.பா (மரத்தூளை அழுத்திச் செய்த பலகையா)?

பதில்: ஒலியைத் தீர்மானிப்பது வளைவு, மரத்தின் பெயர் அதற்குப் பிறகுதான். சுவர் கெட்டியாக இருக்கட்டும், விரல் முட்டியால் தட்டினால் ‘தொப்’ என்று அடங்கட்டும். முழுப் பலகையில் வளையம் வெட்டினால் ஈரம் ஏறி இறங்கும்போது வட்டம் நீள்வட்டமாகிவிடும். தேக்கின் அழகு வேண்டுமென்றால் 12 துண்டுகளாக, முனைகளை 15 பாகையில் அறுத்து, வளையமாக ஒட்டிக் கடையுங்கள். முதல் ஜோடிக்கு பிளைவுட்தான் நல்லது. எம்.டி.எஃப். தூள் மிக நுண்மையானது, முகமூடி இல்லாமல் தொடவே வேண்டாம்.

கேள்வி: எல்லாம் முடிந்தது. ஆனால் உச்சஸ்தாயியில் ஒரு கடுமை. எங்கே தேடுவது?

பதில்: டிரைவரைக் கழற்றி, சுண்டுவிரலைத் தொண்டைக்குள் விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். என் முதல் ஜோடியில் இதே கடுமையைத் தேடி வாரக்கணக்கில் டிரைவருக்குத் தாழ்ந்த ஒலிகள் போகாமல் தடுக்கும் கெபாசிட்டர்களை மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் விரல்தான் சொன்னது: இரண்டாவது அடுக்கின் பொருத்தில் பசை கசிந்து இறுகி, கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பு. 25 மி.மீ. தொண்டையில் சுற்றிலும் 1 மி.மீ. துருத்தினாலே துளையின் பரப்பு 15 சதவீதம் குறைந்துவிடும். ஒலி அங்கே மோதித் திரும்பும். ஒரு குச்சியில் 120-ஆம் எண் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள், அப்புறம் 240. டிரைவருக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் வளையம்) உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவும் சரி என்றால், கீழே உள்ள ஊஃபரைவிட (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரைவிட) டிரைவரின் சத்தம் தூக்கலாக இருக்கும், ரெசிஸ்டர் போட்டுக் குறையுங்கள்.

கேள்வி: பேஸுக்கும் (தாழ்ந்த ஒலிகளுக்கும்) மரக் கூம்பு செய்யலாமா?

பதில்: 50 ஹெர்ட்ஸுக்கு மேற்படி கணக்கைப் போட்டால் வாயின் விட்டம் 2.2 மீட்டர். அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ் 1940-களில் கூம்பை மடித்து, அறையின் மூலையையே அதன் நீட்சியாக்கி இதைச் சமாளித்தார். அதற்குச் சுவர்கள் நன்றாகக் கூடும் வெற்று மூலைகள் இரண்டு வேண்டும். இல்லையென்றால் பெரிய ஊஃபரைப் பெட்டியில் வைத்துவிட்டு, கூம்பை மேல் ஒலிகளுக்கு வையுங்கள்.

கேள்வி: டிஜிட்டல் கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலியையும் மேல் ஒலியையும் பிரித்து அனுப்பும் கருவி) வைத்திருக்கிறேன். அப்படியும் டிரைவருக்குக் கெபாசிட்டர் தேவையா?

பதில்: தேவை. ஆம்ப்ளிஃபையரைப் போடும்போது வரும் ஒரு ‘டப்’ போதும், மெல்லிய சவ்வு போய்விடும். 8 ஓம் டிரைவரை 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டுகிறீர்கள் என்றால் 40 மைக்ரோஃபாரட் ஒன்றைத் தொடராக இணையுங்கள். அது சுமார் 500 ஹெர்ட்ஸில்தான் வெட்டத் தொடங்கும் என்பதால் கேட்கும் ஒலியில் அவ்வளவாகக் கைவைக்காது.