தேனீ வராவிட்டாலும் காய் பிடிக்கும்

இங்கிலாந்தின் கென்ட் சுண்ணாம்பு மேட்டில் பூத்த தேனீ ஆர்க்கிடை (தேனீ போலத் தோன்றும் பூவுள்ள ஆர்க்கிட் செடி) மூன்று நாள் பார்த்தும் ஒரு தேனீகூட வரவில்லை, தூரிகையால் மகரந்தம் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து தொடாதீர்கள், தேவையே இல்லை. மத்தியதரைக்கடல் பக்கம் நீள்கொம்புத் தேனீயின் ஆண், இந்தப் பூவின் உதட்டை, அதாவது கீழே நீட்டிக்கொண்டிருக்கும் இதழை, பெண் தேனீ என்று நம்பி ஏறும்; அப்படித்தான் அங்கே மகரந்தம் சேரும். ஆனால் பிரிட்டனில் இந்தச் செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தையே நம்பியிருக்கிறது. பூ விரிந்ததும் மகரந்த உருண்டைகளின் மெல்லிய காம்பு வளைந்து, உருண்டை முன்னால் தொங்கும். லேசாகக் காற்றடித்தால் போதும், ஆடிப்போய், மகரந்தத்தை ஏற்கும் பகுதியான சூலகமுடியில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத காட்சி இது! டார்வினே 1862-இல் இதை வியந்து எழுதியிருக்கிறார். அப்புறம், காய் முற்றி விதை உதிரும்வரை அங்கே யாரும் புல் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.