லேசான பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி தேவையா?

கேள்வி இதுதான்: குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் சித்தப்பாவுக்கு லேசான ஸ்ட்ரோக். பேச்சு தெளிவு, நடக்கிறார், வலதுகை விரல்களில் மட்டும் பிடிப்பு இல்லை. டாக்டர் ஊசி போடலாம் என்கிறார். "லேசானதுதானே, மூளையில் ரத்தம் கசிந்தால் என்ன செய்ய?" என்று வீட்டில் தயங்குகிறார்கள். எது சரி?

நாகர்கோவிலில் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். இதே தயக்கத்தைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொன்ன நிலைமையில் டாக்டர் சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஸ்ட்ரோக்கின் கடுமையை என்.ஐ.ஹெச்.எஸ்.எஸ். என்ற மதிப்பெண்ணால் அளப்பார்கள். மொத்தம் 42, பொதுவாக 5 வரை இருந்தால் லேசானது. ஆனால் அதில் விரல்களின் பலத்துக்கு மதிப்பெண்ணே இல்லை. கையைத் தூக்கிப் பத்து விநாடி பிடித்தால் பூஜ்யம் போட்டுவிடுவார்கள். பால் வெட்டுகிறவருக்கு அது போதுமா? தடியில் காயம் படாமல், பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி பிடிக்கும் விரல் போனால் அவருக்குப் பிழைப்பே போச்சு. தள்ளாட்டமும் அப்படித்தான், மதிப்பெண்ணில் சரியாக வராது. வள்ளத்தில் நிற்க முடியாத குளச்சல் மீனவருக்கு அது லேசான குறையா?

அதனால்தான் டாக்டர்கள் எண்ணோடு நிறுத்தாமல், இந்தக் குறை இப்படியே நின்றுவிட்டால் இவரால் வேலை செய்ய, நடக்க, குளிக்க, சாப்பிட முடியுமா என்று பார்க்கிறார்கள். முடியாது என்றால், மதிப்பெண் குறைவாக இருந்தாலும் நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போடுவதுதான் வழக்கம். சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியாக வேண்டும், பிரஷர் 185/110க்குக் கீழே இருக்க வேண்டும், சர்க்கரையும் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டாரின் பயமும் வீண் பயம் இல்லை. அன்றாட வேலையை முடக்காத குறை உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்த பிரிஸ்ம்ஸ் ஆய்வு (2018), ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் மாத்திரையைவிட ஊசியால் பலன் கூடுதல் என்று காட்டவில்லை. ஊசி போட்டவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்தது. அது பாதியில் நிறுத்தப்பட்ட ஆய்வு. ஆனால் 2023இல் வெளிவந்த சீனாவின் அராமிஸ் ஆய்வும், இப்படிப்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் என்ற இரண்டு மாத்திரைகளும் சேர்ந்த சிகிச்சை ஊசிக்குக் குறைந்ததல்ல என்றே சொன்னது. ஆகவே முகத்தில் லேசான மரமரப்பு, கொஞ்சம் வாய் கோணல், அவ்வளவுதான் என்றால் மாத்திரையே நல்லது.

"கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், தானாகச் சரியாகும்" என்பது மட்டும் வேண்டாம். முழுசாகச் சரியாகிவிட்டால் ஊசி தேவையில்லை. பாதி சரியாகி, முடக்கும் குறை மிச்சம் இருந்தால் மணி ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த மணிக்கணக்கு நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து இல்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. வெட்டுக்குப் போக விடிகாலையில் எழும்போதே கை வரவில்லை என்றால், ராத்திரி படுத்த நேரத்தைச் சொல்லுங்கள். சில இடங்களில் எம்ஆர்ஐ எடுத்து அப்போதும் ஊசிக்கு வழி உண்டா என்று பார்ப்பார்கள்.

நம்ம ஊரில் முதலில் வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் தடவப் போகிற பழக்கம் இருக்கிறது. ஆசான்மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்த முதல் மணி நேரங்களில் வேண்டாம். வீட்டில் ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள். கசிவா அடைப்பா என்று ஸ்கேன்தான் சொல்லும். 108ஐக் கூப்பிட்டு, எந்நேரமும் சிடி எடுக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். அங்கே முதல் வார்த்தையாக, "இவர் பால் வெட்டுகிறவர், வலதுகைக்காரர், கத்தி பிடிக்க முடியவில்லை" என்று சொல்லுங்கள்.

மாத்திரைதான் என்று முடிவானாலும் உடனே வீட்டுக்குப் போக அவசரப்படாதீர்கள். முதல் சில நாட்களில்தான் மறுபடி வரும் ஆபத்து அதிகம். பிடிப்பு இன்னும் குறைந்தாலோ பேச்சு குழறினாலோ, நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.