பெர்லினுக்குப் புறப்படும் முன் கேட்டுவிடுங்கள்

கேள்வி: எனக்கு 16 வயது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனி வந்து, மக்டெபுர்க் அருகே ஒரு குடும்பத்துடன் தங்கிப் படிக்கிறேன். வரும் சனி, ஞாயிறு என்னைப் பெர்லினுக்கு அழைத்துப் போகிறார்கள். செலவு யாருடையது என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நான் சைவம். என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: அந்தக் கூச்சத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் விருந்தாளி பணத்தைப் பற்றிப் பேசினால் வீட்டுக்காரர் மனம் நோகும். ஜெர்மனியில் கேட்காமல் இருந்து, கவுன்டரில் நிற்கும்போது விழிப்பதுதான் எல்லோருக்கும் சங்கடம். “இந்தப் பயணத்தில் எந்தச் செலவையெல்லாம் நான் பார்த்துக்கொள்ள வேண்டும்?” என்று இரவுச் சாப்பாட்டின்போது நேராகக் கேளுங்கள். பெரும்பாலான திட்டங்களில் தங்குமிடமும் உணவும் குடும்பத்தின் பொறுப்பு. நுழைவுச்சீட்டு, நொறுக்குத்தீனி, நினைவுப்பொருள் உங்கள் கைச்செலவு. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்கும்போது மரியாதைக்காக ‘வேண்டாம்’ என்றால், அத்தோடு விட்டுவிடுவார்கள். இரண்டாம் முறை வற்புறுத்துவது அங்கே வழக்கமில்லை. வேண்டுமென்றால் முதல் முறையே ‘வேண்டும்’ என்று சொல்லுங்கள்.

நல்லவேளையாக, உங்கள் வயதுக்குப் பெர்லின் அதிகம் செலவு வைக்காது. பண்டைய எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் சிலை உள்ள நொயஸ் மியூசியம் உட்பட, அங்குள்ள அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. பெர்கமோன் மியூசியத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 2023 அக்டோபரில் சீரமைப்புக்காக முழுவதுமாக மூடிவிட்டார்கள். நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாகின் கண்ணாடிக் குவிமாடத்துக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் பெயரும் பிறந்த தேதியும் தந்து முன்பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் முழுப்பெயரைக் குடும்பத்தாரிடம் இன்றே எழுதிக் கொடுங்கள். தந்தை பெயர், முன்னெழுத்துக் குழப்பம் நமக்குப் புதிதல்லவே. அசல் பாஸ்போர்ட்டையும், குடியிருப்பு அனுமதி அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். வெளியூரில் இரவு தங்குவதால், திட்ட ஒருங்கிணைப்பாளருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

மக்டெபுர்க்கிலிருந்து பெர்லினுக்கு ஆர்ஈ1 என்ற வட்டார ரயில் நேராகப் போகிறது. நாடு முழுவதும் வட்டார ரயில்களுக்கும் நகரப் போக்குவரத்துக்கும் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் உங்களிடம் இருந்தால் அதுவே போதும். பெர்லினின் மெட்ரோ, பஸ், டிராமுக்கும் செல்லும். ஐசிஈ போன்ற விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லை என்பதால் ஏமாந்துவிடக் கூடாது. பரிசோதகர்கள் சாதாரண உடையிலும் வருவார்கள்; செல்லுபடியாகும் டிக்கெட் இல்லாவிட்டால் அபராதம் 60 யூரோ.

சைவ உணவுக்குப் பெர்லினில் பஞ்சமில்லை. கொண்டைக்கடலை வடை போன்ற ஃபலாஃபெல் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளிலும் கிடைக்கும். கவனம் தேவைப்படுவது சூப்பிலும் மிட்டாயிலும்தான். காய்கறி சூப்பைக்கூட இறைச்சிச் சாற்றில் காய்ச்சியிருக்கலாம். ரப்பர் போல இழுபடும் மிட்டாய்களில் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் குடும்பத்தாரிடம் சொல்லிவிடுங்கள். சைவம் என்றால் முட்டை உண்டு என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வாங்க வேண்டியதைச் சனியன்றே வாங்குங்கள். அவசரமென்றால் தலைமை ரயில் நிலையத்துக்குள் கடைகள் திறந்திருக்கும்.

எங்கே போகலாம் என்று உங்களைக் கேட்டால், பெர்னவர் தெருவைச் சொல்லுங்கள் என்பேன். 1961 ஆகஸ்ட் 13 அன்று எல்லையை மூடி, பெர்லின் சுவரால் நகரைக் கிழக்கு, மேற்கு எனப் பிரிக்கத் தொடங்கியபோது, அத்தெருவின் ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கில் இருந்தன; அவற்றின் வாசலை ஒட்டிய நடைபாதையோ மேற்கில். ஜன்னல் வழியே குதித்துத் தப்பியவர்கள் உண்டு, விழுந்து இறந்தவர்களும் உண்டு. மக்டெபுர்க் அன்றைய கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஊர். உங்களை ஏற்றிருக்கும் பெற்றோர் அங்கேயே பிறந்து, இப்போது ஐம்பதைக் கடந்தவர்கள் என்றால், 1989 நவம்பர் 9 அன்று சுவர் திறந்தபோது உங்கள் வயதை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்திருப்பார்கள். அன்று எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள். எந்த வழிகாட்டியும் சொல்லாததை அவர்கள் சொல்லக்கூடும்.

பிராண்டன்பர்க் வாயிலுக்குப் பக்கத்தில், நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்காக 2,711 கான்கிரீட் பாளங்களால் எழுப்பிய நினைவிடம் இருக்கிறது. அவற்றின்மேல் ஏறுவதும் சிரித்தபடி செல்ஃபி எடுப்பதும் கூடாது. மற்றவர்கள் செய்தாலும் நீங்கள் செய்யாதீர்கள்.